மரத்தரைக்கு அடியில் எதைப் போடலாம்: போர்டா, கம்பளியா, ஃபோமா?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நம்மவர்கள் வாங்கும் பழைய வரிசை வீடுகளில் முன்னறைத் தரை பெரும்பாலும் மண்ணைத் தொடாது. பலகை, அதற்குக் கீழே ஜாயிஸ்ட் கட்டைகள், அதற்கும் கீழே வெற்றிடம். அந்த வெற்றிடத்துக்குக் காற்று போய்வர வெளிச்சுவரில் ஏர் பிரிக். ஜனவரியில் ஸ்கர்ட்டிங் (சுவரின் அடியில் ஓடும் பலகை) ஓரமாக ஒரு ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை நேரே ஏறாமல் அறைக்குள் சாயும். ஹீட்டர் ஓடியும் கால் சில்லிடுவது இந்தக் காற்றால்தான். ஆகவே குளிரைத் தடுக்கத் தரைக்கடியில் போடும் எந்த இன்சுலேஷன் பொருளையும் நான் இரண்டு கேள்விகளால்தான் எடைபோடுவேன்: காற்றை நிறுத்துமா, மரத்தை உலரவிடுமா?

எண்களை மட்டும் பார்த்தால் பிஐஆர் போர்டுதான் (இருபுறமும் ஃபாயில் ஒட்டிய விறைப்பான ஃபோம் பலகை) ஜெயிக்கும். அதன் வெப்பக் கடத்துதிறன் (குறைந்தால் நல்லது) சுமார் 0.022. கம்பளி என்று நான் சொல்லும் கிளாஸ் வூல், ஸ்டோன் வூல் 0.035 அளவில், மரநார் 0.038. 100 மி.மீ. தடிமனுக்குப் போர்டின் வெப்பத்தடை ஏறக்குறைய 4.5, கம்பளிக்கு 2.9, மரநாருக்கு 2.6. இங்கிலாந்துக் கட்டட விதிகள் புதுப்பிக்கும் தரைக்கு வைத்திருக்கும் யு-மதிப்பு (தரை வழியே வெப்பம் வெளியேறும் அளவு; குறைந்தால் நல்லது) இலக்கு 0.25. போர்டு போட்டால் அதை எளிதில் எட்டிவிடலாம்.

சிக்கல் பலகையைக் கழற்றியதும் தெரியும். நூறு வருஷத்து ஜாயிஸ்ட்கள் இணையாக இருக்காது. இடைவெளி இந்த முனையில் 360 மி.மீ. என்றால் அந்த முனையில் 345. கட்டையும் முறுக்கியிருக்கும். விறைப்பான போர்டை எவ்வளவு கவனமாக அறுத்தாலும் ஓரத்தில் விரல் நுழையும் சந்து விழும். ஒவ்வொரு சந்துக்கும் ஃபோம் துப்பாக்கி பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை வேலையை முடிக்கத் துடிக்கும் பில்டர் அதைச் செய்வார் என்று நம்ப எனக்குத் தைரியமில்லை. போதாததற்கு, போர்டின் ஃபாயில் ஈரப்பதத்தை விடாது. ஜாயிஸ்டைப் புதிதாக மாற்றுகிறீர்களா, அல்லது கட்டையின் ஆழம் 75 மி.மீ.தானா? அப்போது போர்டு சரி.

கம்பளி வளைந்து கொடுக்கும். இடைவெளியைவிடக் கொஞ்சம் அகலமாக வெட்டினால் தானே நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். மேலிருந்து வேலை செய்தால், மூச்சுவிடும் மெம்பரேனை (ஈர ஆவியை வெளியேவிடும் மெல்லிய விரிப்பு) ஜாயிஸ்டுகளின் மேல் தூளி மாதிரி தொங்கவிட்டு ஸ்டேப்பிள் அடித்து, அதற்குள் நிரப்ப வேண்டும். சிலர் செலவை மிச்சம்பிடிக்க வெறும் வலையைக் கட்டுகிறார்கள். கீழே ஓடும் காற்று கம்பளிக்குள்ளேயே புகுந்து சூட்டைக் கொண்டுபோய்விடும். பலகைக்கு அடியிலும் காற்றுப் புகாத மெம்பரேன் ஒன்று விரித்து, சுவரோரம் டேப் ஒட்ட வேண்டும். உண்மையான வேலையே அந்த டேப்தான்.

மரநாரும் இதே முறைதான். ஈரத்தை வாங்கித் திருப்பி விடும், கை அரிக்காது, விலைதான் கூடுதல். கையில் காசிருந்தால் என் ஓட்டு இதற்கு. இல்லையென்றால் கிளாஸ் வூல் போட்டு, மிச்சத்தை நல்ல மெம்பரேனுக்கும் டேப்புக்கும் செலவழிப்பேன்.

தெர்மோகோல் வகை பாலிஸ்டைரீன் மலிவு. ஆனால் பிவிசி மின்கம்பி அதைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் கம்பியின் உறை நாளடைவில் கெட்டுவிடும்.

ஸ்ப்ரே ஃபோமுக்குப் பலகையைக் கழற்றவே வேண்டாம். வெற்றிடத்துக்குள் ரோபோ அனுப்பித் தெளிப்பவர்களும் உண்டு. தெளித்தபின் ஜாயிஸ்டின் முகத்தைப் பார்க்க முடியாது. பைப் கசிந்தாலும் மரம் உளுத்தாலும் தெரிய வராது. வீட்டை விற்கும்போது சர்வேயர் புருவம் உயர்த்துவார். நான் போடமாட்டேன்.

எதைப் போட்டாலும் முதலில் ஈரமானியை ஜாயிஸ்டின் முனையில், அது சுவருக்குள் நுழையும் இடத்தில், குத்திப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை இன்சுலேஷன் வேண்டாம். ஏர் பிரிக்கைக் குளிருக்குப் பயந்து அடைக்கவே கூடாது. உள்ளே கிடக்கும் கட்டட இடிபாடுகளையும் அள்ளிவிடுங்கள். இனி வெற்றிடம் முன்பைவிடக் குளிராக இருக்கும் என்பதால் இன்சுலேஷனுக்குக் கீழே ஓடும் தண்ணீர்ப் பைப்புகளுக்கும் உறை போட வேண்டும். அறையில் விறகு அடுப்போ பழைய கேஸ் ஃபயரோ இருந்தால், அது எரிய இதுவரை காற்று கொடுத்ததில் அந்தத் தரைச் சந்துகளுக்கும் பங்குண்டு. தகுதியுள்ள பொறியாளரிடம் வென்ட் பற்றிக் கேட்டபிறகு டேப்பை எடுங்கள்.