மதர்போர்டு இரண்டாம் முறை போனபோது

போன மாதம் என் மேசைக் கணினியின் மதர்போர்டு செத்துப்போனது. நான்கு ஆண்டுகளில் இது இரண்டாவது முறை. பழுது பார்த்த கதையைக் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர், "அப்போ நானும் லினக்ஸுக்கு வந்துடவா?" என்றார். நான் பயன்படுத்தும் கட்டற்ற இயங்குதளம் அது. சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. அதை யோசித்ததில் வந்ததுதான் இந்தப் பதிவு.

முதல் முறை 2021-இல். வாரண்டி முடிந்திருந்தது, அதே மாடல் போர்டும் கிடைக்கவில்லை. வேறொன்று வாங்கிப் போட்டேன். பிராசசர், மெமரி, வட்டு எல்லாம் பழையவையே. கணினி ஓடியது, கோப்புகள் அப்படியே இருந்தன. ஆனால் திரை மூலையில் ஒரு வாசகம் வந்து உட்கார்ந்துகொண்டது: இந்தப் பிரதி செயலாக்கப்படவில்லை. காசு கொடுத்து வாங்கிய இயங்குதளம் அது. சேவை மையத்தைக் கேட்டால், கணினியோடு சேர்த்து விற்ற லைசென்ஸ் முதலில் இருந்த போர்டுக்கு மட்டுமே செல்லும், போர்டு மாறிவிட்டால் ஒப்பந்தப்படி அது புதிய கணினி என்றார்கள். மறுநாள் கணக்கு எழுத வைத்திருந்த மென்பொருளும் மறுத்தது. இரண்டு கணினிகளுக்குத்தான் அனுமதி, இது மூன்றாவது என்றது. பழையதை நீக்க வேண்டுமானால் பழையதிலிருந்தே வெளியேற வேண்டும். பழையது என்று ஒன்று எங்கே இருக்கிறது? அதன் போர்டு செத்துக் கிடந்தது.

பழுது என்றால் பொறுத்துக்கொள்வேன். சாமான் என்றால் கெடத்தான் செய்யும். ஆனால் எதுவுமே கெடாமல், ஓடக்கூடிய ஒன்றை, ஓடக் கூடாது என்று எங்கிருந்தோ ஒருவர் சொல்வதை என்னால் தாங்க முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான் லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 11-ஐ நிறுவினேன். நிதானமாக ஆராய்ந்து எடுத்த முடிவு என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

நிறுவிய அன்றே ஒரு அடி விழுந்தது. கிராபிக்ஸ் கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு நிரலான ஃபர்ம்வேர் இல்லாமல் திரை குறைந்த தெளிவில் நின்றது. மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ நிறுவல் கோப்பில் சேர்ப்பதில்லை என்பது டெபியனின் அன்றைய கொள்கை. லைசென்ஸ் கெடுபிடிக்குத் தப்பி வந்தவனை வாசலிலேயே இன்னொரு லைசென்ஸ் கெடுபிடி நிறுத்தினால் எப்படி இருக்கும்? ஃபர்ம்வேரை வேறு வழியில் இறக்கிப் போட அரை நாள் ஆனது. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2022-இல் அந்தத் திட்டத்தின் உறுப்பினர்கள் இதைப் பொதுவெளியில் விவாதித்து, வாக்கெடுத்து, கொள்கையை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் ஃபர்ம்வேர் சேர்ந்தே வருகிறது. இப்போது புதிதாக வருபவருக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் ஒரு நாள், கட்டற்ற மென்பொருள்கள் பலவற்றுக்கான ஜிபிஎல் உரிமத்தை முழுதாக உட்கார்ந்து படித்தேன். இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் அதன் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. 1991-இல் எழுதப்பட்டது. நிரலை இயக்கும் செயலுக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுகிறது. பிறருக்குப் பிரதி கொடுக்கும்போதும், மாற்றி வெளியிடும்போதும்தான் அதன் நிபந்தனைகள் வருகின்றன. வீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் அதை ஏற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட வேண்டிய அவசியம்கூடக் கிடையாது. அதுவரை எத்தனையோ ஒப்பந்தங்களைப் படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியிருக்கிறேன். அவை எல்லாமே ஓட்டுவதற்கு என் கையைக் கட்டியவை. இந்த ஒன்றைப் படித்து முடித்தபோது உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துபோனது.

சரி, போன மாதத்துக்கு வருகிறேன். இந்த முறையும் போர்டு வேறு மாடல். பழைய வட்டை மாட்டி ஆன் செய்தால், துவக்கக்கூடிய வட்டே இல்லை என்றது. ஒரு நொடி வயிற்றைப் பிசைந்தது. காரணம் எளிதானது. எந்த வட்டில் எந்தக் கோப்பிலிருந்து துவங்க வேண்டும் என்ற குறிப்பு போர்டின் சொந்த நினைவகத்தில் இருக்கிறது. போர்டு போனால் குறிப்பும் போய்விடும். டெபியனை எழுப்பும் சிறு நிரலான துவக்கி தனக்கென்று ஒரு கோப்புறையில் இருப்பதால் புதிய போர்டுக்கு அதைத் தேடத் தெரியவில்லை. நிறுவல் பென்டிரைவில் இருந்த மீட்பு முறையில் நுழைந்து, கிரப் துவக்கியை மறுபடி நிறுவினேன். பத்து நிமிடம்.

பிறகு வந்த திரையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் டெஸ்க்டாப், என் கோப்புகள், என் கடவுச்சொல். எந்தச் சாவியும் கேட்கவில்லை, நான் யார் என்று எங்கேயும் விசாரிக்கவில்லை. டெபியன் துவங்கும்போது முதலில் ஏற்றும் கோப்பில், வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் இந்தக் கணினிக்கு மட்டுமானவற்றை வைத்துக்கொள்ளாமல், பெரும்பாலானவற்றையும் சேர்த்தே வைத்திருக்கிறது. வட்டுப் பகுதிகளையும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் அவற்றின் தனி அடையாள எண்ணைக் கொண்டு தேடுகிறது. அதனால் சிப்செட்டே மாறினாலும் எழுந்துவிடுகிறது. பேக்கப்புக்காகக் கேபிள் இணைப்பில் நிலையான முகவரி வைத்திருந்தேன். புதிய போர்டில் அந்த இணைப்பின் பெயர் மாறியதால் அது வேலை செய்யவில்லை. ஒரு கோப்பில் ஒரே ஒரு சொல்லைத் திருத்தினேன், வந்துவிட்டது. இந்த ஒரு மணி நேரத்தில் எனக்குக் கோபமே வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது, காரணத்தைக் கண்டுபிடித்தால் திருத்தும் அதிகாரமும் என்னிடமே இருந்தது.

இனி அந்த வைஃபை அடாப்டர். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. யூஎஸ்பி-யில் மாட்டும் சிறிய பொருள், அதற்கான டிரைவர் கர்னலுக்குள் இல்லை. சிப் தயாரித்தவர்கள் எப்போதோ ஒருமுறை டிரைவரின் மூலநிரலை வெளியிட்டார்கள், அத்தோடு மறந்துவிட்டார்கள். கர்னல் புதுப்பிக்கும்போதெல்லாம் அதை மறுபடி தொகுக்க வேண்டும், அதாவது மூலநிரலை ஓடக்கூடிய வடிவுக்கு மாற்ற வேண்டும். அது தானாக நடந்துவிடும், ஆனால் பெரிய மாற்றம் என்றால் தொகுக்கவே முடியாமல் நின்றுவிடும். டெபியன் 12-க்குப் போனபோது கர்னல் 5.10-இலிருந்து 6.1 ஆனது, வைஃபை போனது. 2025-இல் 13-க்குப் போனபோது 6.12, மறுபடியும் போனது. இரண்டு முறையும் கைபேசியை யூஎஸ்பி-யில் மாட்டி அதன் இணையத்தில் தேட, முகம் தெரியாத யாரோ ஒரு தன்னார்வலர் டிரைவரைப் புதிய கர்னலுக்கு ஏற்றபடி திருத்தி வைத்திருந்தார். அவர் நன்றாக இருக்கட்டும். போன மாதமும் இதே அடாப்டர்தான் படுத்தியது. நம்பகமான கையொப்பம் உள்ள நிரலை மட்டும் ஓடவிடும் 'செக்யூர் பூட்' பாதுகாப்புக்காக நான் பதிந்து வைத்திருந்த சாவி பழைய போர்டோடு போய்விட்டதால், கர்னல் அந்த டிரைவரை ஏற்க மறுத்தது. மறுபடி பதிந்து, மறுதுவக்கம் செய்து, நீலத் திரையில் உறுதி சொன்ன பிறகுதான் இணையம் வந்தது.

வேறு அடாப்டர் வாங்கிப் போட வேண்டியதுதானே என்று கேட்கலாம். கர்னலுக்குள்ளேயே டிரைவர் உள்ள சிப்கள் நிறைய இருக்கின்றன, புதிதாக வாங்குகிறவர் அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒரு பொருளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. 2021-இல் என்னைக் கோபப்படுத்தியதே அதுதான்.

மற்றவை பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. லிப்ரே ஆபிஸில் என் வேலை நடக்கிறது. மற்றவர்கள் அனுப்பும் ஆவணங்களில் எப்போதாவது அட்டவணை நகர்ந்துவிடுகிறது. கணக்குக்குக் கட்டற்ற மென்பொருளான குனூகேஷ், பழகச் சில வாரம் ஆனது.

நண்பருக்கு என்ன சொன்னேன்? இப்போதைக்கு மாற வேண்டாம் என்றேன். அவர் பிழைப்பு ஒரே ஒரு வடிவமைப்பு மென்பொருளை நம்பி நடக்கிறது, அது இங்கே ஓடாது. இரவோடு இரவாக வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளில் வைஃபை போனால் டெர்மினலில் கட்டளைகளைத் தட்டிக்கொண்டு உட்கார அவருக்கு நேரம் இருக்காது. நான்கு ஆண்டுகளாக எனக்கு இவ்வளவு நிம்மதி கொடுத்த ஒன்றை இன்னொருவருக்கு வேண்டாம் என்று சொல்ல நேர்ந்தது வலித்தது. ஆனாலும் ஒரு பென்டிரைவில் டெபியன் 13-இன் லைவ் பதிப்பை ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். வட்டைத் தொடாமல் ஓட்டிப் பார்க்கலாம். அவர் கணினியின் போர்டும் பழையதுதான். அது போகிற நாளில் வேறு யாரையும் கேட்பதற்கு முன் என்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன்.