நோனாகாவா, வெங்கரா? பராமரிப்புக் குழுவுக்கு எது பொருந்தும்

எங்கள் பழுதுபார்ப்புக் குழுவின் அனுபவ அறிவை எப்படிக் காப்பாற்றுவது என்ற பேச்சு வந்தபோது, கடைசிவரை நின்றவை இரண்டு கோட்பாடுகள்: ஜப்பானிய மேலாண்மை அறிஞர் நோனாகாவின் அறிவுச் சுழற்சி, கற்றல் ஆய்வாளர் வெங்கரின் குழுவழிக் கற்றல். நான் வெங்கர் பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வாயால் சொல்ல முடிவதைவிட நமக்குத் தெரிந்தது அதிகம் என்ற தத்துவவாதி பொலானியின் கருத்து நோனாகாவின் கோட்பாட்டுக்கு அடிப்படை. நோனாகாவும் அவரோடு சேர்ந்து எழுதிய தகேயுச்சியும் 1995-இல் விரித்துச் சொன்ன சுழற்சியில் நான்கு கட்டங்கள்: கூடப் பழகிக் கற்பது, கற்றதைச் சொல்லாக்குவது, பிறவற்றோடு சேர்ப்பது, மறுபடி கைப்பழக்கமாக்குவது. அவர்களின் பிரபலமான உதாரணம் மாட்சுஷிதா நிறுவனத்தின் ரொட்டி இயந்திரம். மென்பொருள் நிபுணர் ஒருவர் ஒசாகாவின் ஓட்டல் ஒன்றில் தலைமை ரொட்டிக்காரரிடம் பயின்று, அவர் மாவை இழுக்கும்போதே முறுக்குவதைக் கவனித்தார். அந்த முறுக்கலுக்காக இயந்திரத்தின் உட்புறத்தில் வரிமேடுகள் வைத்தார்கள்.

அருமையான கதைதான். ஆனால் அங்கே அறிவு ஒரு பொருளாகி முடிந்துவிட்டது. பராமரிப்பு வேலையில் எதுவும் அப்படி முடிவதில்லை. எழுதிவைத்த குறிப்பை யார் புதுப்பிப்பது? என் முடிவைத் தீர்மானித்தது இந்தக் கேள்விதான். ‘முதலில் சென்சார் மூடியைக் கழற்றவும்’ என்று எங்கள் குறிப்பேட்டில் ஒரு வரி இருக்கிறது. இப்போதைய மாடலில் அந்த மூடியே கிடையாது. பழைய ஆட்கள் அந்த வரியைத் தாண்டிப் போய்விடுவார்கள். புதிதாக வந்தவர் மூடியைத் தேடிக்கொண்டிருப்பார். சுழற்சி நின்றுபோனது யார் கண்ணிலும் படாது.

மானிடவியலாளர் ஜீன் லேவும் வெங்கரும் 1991-இல் சொன்னது வேறு. புதியவர் ஓரத்திலிருந்து சின்ன வேலைகளைச் செய்தபடி குழுவுக்குள் வருகிறார். கற்றல் என்பதே அதுதான். அறிவு பேச்சிலும் வேலையிலும் புழங்குவதால் அதன் பராமரிப்பு தனிச் சுமையாவதில்லை. ஜெராக்ஸ் நிறுவனத்தின் நகல் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் தொழில்நுட்பர்களைக் கூடவே இருந்து கவனித்த மானிடவியலாளர் ஜூலியன் ஓர் (Orr) இதை நேரில் கண்டார். பிழைக்குறியீடு ஒரு கோளாறைக் காட்ட, இயந்திரம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கையேடு கைவிட்ட இடத்தில் அவர்கள் பழைய பழுதுக் கதைகளை மணிக்கணக்காகப் பேசிப் பேசியே காரணத்தைப் பிடித்தார்கள்.

சரி, இதில் ஓட்டையே இல்லையா? இருக்கிறது. நெருக்கமான குழு தன் தப்பான வழக்கத்தையும் அக்கறையாகக் காப்பாற்றும். விதிகளையே கேள்வி கேட்கும் இரட்டை வளையக் கற்றல் பற்றி மேலாண்மை அறிஞர்கள் ஆர்கிரிஸும் ஷோனும் 1978-இலேயே எழுதியது இங்கே கைகொடுக்கும். அப்புறம், நாங்கள் ஒரே இடத்தில் உட்காரும் சின்னக் குழு. பல ஊர்களில் சிதறிக் கிடக்கும் குழுவுக்கும் இதுவே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.

எழுத்தே வேண்டாம் என்பதல்ல. பாதுகாப்பு விதிகளும் உதிரிபாக எண்களும் எழுத்தில்தான் இருக்க வேண்டும். ஜெராக்ஸே பிறகு யுரேகா என்ற குறிப்புத் தொகுப்பை உருவாக்கியது. அதில் தொழில்நுட்பர்கள் எழுதிய குறிப்பைச் சக தொழில்நுட்பர்களே சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயரும் கூடவே இருந்தது. நாங்களும் இப்போது ஒவ்வொரு குறிப்பின் கீழும் பெயர் போடுகிறோம். சந்தேகம் வந்தால் நேரே அவரிடம் போய்க் கேட்டுவிடலாம்.