மசாய் மாராவுக்கு ‘போட்டோகிராபி சஃபாரி’ புக் செய்யப் போகிறவர்கள் ஒரு நிமிடம்

கென்யாவின் மசாய் மாரா வனவிலங்கு ரிசர்வுக்குப் புகைப்படக்காரர்களை மட்டும் கூட்டிப்போகிறோம், வண்டிக்கு மூன்று பேர்தான், ஆளுக்கு ஒரு இருக்கை வரிசை, காட்டுக்குள்ளேயே தங்கல், கூடவே படம் எடுக்கச் சொல்லித்தர ஒரு ‘மென்டர்’ என்று இன்ஸ்டாகிராமில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. சென்னையில் இருந்துதான் நடத்துகிறார்கள். நாங்கள் மூன்று பேர் அதை நம்பிப் போய் ஏமாந்து வந்தோம். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைப் போடவில்லை, வக்கீலும் வேண்டாம் என்கிறார். ஆனால் இதே மாதிரி விளம்பரங்கள் இப்போது நிறைய வருகின்றன. எந்த எந்த இடத்தில் கை வைப்பார்கள் என்று தெரிந்துகொண்டால் யாரிடம் பணம் கட்டினாலும் உதவும்.

முதலில் வண்டி. லேண்ட் குரூசர் என்றார்கள், லேண்ட் குரூசர்தான் வந்தது. உள்ளே ஆறு பேர். நாங்கள் மூவர், அப்புறம் நைரோபியில் வேறு யாரோ ஏற்றிவிட்ட ஒரு குடும்பம், அப்பா அம்மா ஒரு சின்னப் பையன். அப்போதுதான் விஷயமே புரிந்தது. இவர்கள் அங்கே சொந்தமாக எதையும் நடத்துவதில்லை. நம்மிடம் மூன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு, நைரோபியில் மலிவாக வண்டி ஓட்டும் ஒருவரிடம் நம்மைத் தள்ளிவிடுகிறார்கள், அவர் சீட்டை நிரப்ப வேறு ஆட்களையும் ஏற்றிக்கொள்கிறார். அந்தக் குடும்பம் கொடுத்தது நாங்கள் கொடுத்ததில் பாதிகூட இல்லை என்பது பேச்சுவாக்கில் தெரியவந்தது. அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஐந்து வயதுப் பையன் சிங்கத்தைப் பார்த்தால் கத்தத்தான் செய்வான், அது அவன் உரிமை. மென்டர் சார் விமான நிலையத்தில் கை குலுக்கியதோடு சரி, அடுத்து அவரைப் பார்த்தது வேறொரு வண்டியில், தூரத்தில்.

ஆறு பேர் இருந்தால் என்ன, கொஞ்சம் நெருக்கி உட்கார்ந்தால் போச்சு என்று நினைப்பவர்களுக்கு: பெரிய லென்ஸ் போட்டு எடுக்கும்போது, வண்டிக்குள் ஒருவர் எழுந்து அந்தப் பக்கம் போனாலே மொத்த வண்டியும் ஆடும், படம் கலங்கிவிடும். எல்லோரும் கூரையைத் தூக்கி நின்று பார்ப்பதால் நாமும் நின்றுதான் ஆக வேண்டும், உயரத்தில் இருந்து முதுகைத்தான் எடுக்க முடியும். விலங்கின் கண் மட்டத்துக்குக் கிட்டத்தட்ட இறங்கி எடுக்க வேண்டுமானால் ஜன்னலில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சின்னப் பை) வைத்து உட்கார்ந்து எடுக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு பக்க ஜன்னலோடு ஆளுக்கு ஒரு வரிசை. விளம்பரத்தில் இருந்த பீன் பேக் வரவே இல்லை. கேட்டால் சென்னைக்காரரிடம் இருந்து வாட்ஸ்அப்பில் பதில்: “அண்ணா, காட்டுல இதெல்லாம் சகஜம்ணா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க.”

இதையெல்லாம் விடப் பெரிய கொடுமை எஞ்சின். டிரைவர் எங்கே நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்கவே மாட்டார். டீசல் வண்டி சும்மா நிற்கும்போதே நடுங்கும், அந்த நடுக்கம் அப்படியே லென்ஸில் ஏறும், விலங்குக்கும் நிம்மதி போய்விடும். தயவுசெய்து அணையுங்கள் என்று பல தடவை கேட்டபின்தான் மெல்லக் காரணத்தைச் சொன்னார். பேட்டரி செத்துக்கிடக்கிறது, அணைத்தால் திரும்பக் கிளம்புமா என்று தெரியாது, சிங்கம் இருக்கிற இடத்தில் இறங்கித் தள்ள முடியாது. முதலாளியிடம் சொல்லிப் பார்த்தாராம், சீசன் முடியட்டும் என்றுவிட்டார்களாம். ‘புகைப்படக்காரர்களுக்கென்றே வடிவமைத்த வாகனம்’ என்று விளம்பரத்தில் போட்டது இந்த வண்டியைத்தான்.

ஒரு நாள் அந்தக் குடும்பம் முகாமிலேயே தங்கிவிட்டது. அன்றைக்கு டிரைவர் தானாகவே ஒரு வேலை செய்தார். யானைக் கூட்டம் ஒன்று வரும் திசையை முன்கூட்டியே பார்த்து, வழியை மறிக்காமல் தள்ளிப் போய், சரிவாக இருந்த ஒரு பாதையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். இறக்கம் என்பதால் கியரில் உருட்டிக் கிளப்பிக்கொள்ளலாம் என்று கணக்கு. அதன்பிறகு யாரும் பேசவில்லை. முன்னால் வந்த பெரிய பெண் யானை நின்று, தலையைத் தூக்கி, துதிக்கையை எங்கள் பக்கம் நீட்டி மோந்து பார்த்தது, காதுகள் விரிந்திருந்தன. நாங்கள் கேமராவைக்கூட அசைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காதுகள் பழையபடி ஆட ஆரம்பித்தன, மேய்ச்சலைத் தொடங்கிவிட்டது. முன்னங்காலால் புல்லின் அடியை உதைத்துத் துண்டித்து, துதிக்கையால் சுருட்டி, மண் போக ஒரு தட்டுத் தட்டி வாயில் போடும் சத்தம் வரை கேட்டது. ஒரு வயதுகூட ஆகாத குட்டி தாயின் வயிற்றுக்கு அடியிலேயே நடந்து வந்தது. இந்தப் பயணத்தில் நான் வெளியே காட்டக்கூடிய படங்கள் எல்லாம் அந்த ஒரு காலையில் எடுத்தவை. டிரைவருக்கு வேலை தெரியாமல் இல்லை, அவருக்குக் கொடுத்த வண்டியும் கூட்டமும் அப்படி.

மற்ற நாட்கள் எப்படி என்றால், ரேடியோவில் ஒரு குரல் வரும், உடனே துரத்தல். ஒரு மேட்டில் தாய்ச் சிவிங்கிப்புலி, கூட மூன்று குட்டிகள். நாங்கள் போனபோதே பத்துப் பதினைந்து வண்டிகள் சுற்றி நின்றன. ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பது அங்கே விதி. எங்கள் டிரைவர் வண்டியைப் பாதையை விட்டு இறக்கினார். தாய்ச் சிவிங்கிப்புலி தூரத்தில் ஒரு தாம்சன் மானைக் குறிவைத்துப் பதுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு வண்டிகள் குறுக்கே போனதும் மான் ஓடிவிட்டது, தாய் உட்கார்ந்துவிட்டது. சிவிங்கிப்புலி பெரும்பாலும் பகலில், கண்ணை நம்பி வேட்டையாடும் விலங்கு, ஆகையால் வண்டிக் கூட்டத்தின் அடி முதலில் அதற்குத்தான். 2018இல் வெளியான ஒரு மாரா ஆய்வில், சுற்றுலா வண்டிகள் அதிகம் வரும் பகுதியில் ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டிகள்தான் வளர்ந்து தனியே போகும் வயதை எட்டின, வண்டி குறைந்த பகுதியில் 2.3. அந்தக் கூட்டத்துக்குள் நாங்களும் ஒரு வண்டியாக நின்றோம், அதற்குப் பணமும் கட்டியிருந்தோம். ரேஞ்சர் வந்து பிடித்தார். அபராதத்தை டிரைவர் தலையில் கட்டப் பார்த்தது கம்பெனி, அவர் எங்களைப் பார்த்தார், நாங்கள் பகிர்ந்து கொடுத்தோம். சென்னைக்காரர் அந்தப் பணத்தைப் பற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

அடுத்து, ‘காட்டுக்குள்ளேயே தங்கல்’. முகாம் இருந்தது ரிசர்வின் செகெனானி கேட்டுக்கு வெளியே. கேட் காலை 6 மணிக்குத் திறக்கும், சூரியன் ஆறரை வாக்கில் வந்துவிடும். வரிசையில் நின்று, டிக்கெட் சரிபார்த்து, ஆற்றுப் பக்கம் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நல்ல வெளிச்சம் முழுக்க ரோட்டிலேயே போய்விடும். புக் செய்யும்முன் முகாமின் பெயரை வாங்கி மேப்பில் எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று நீங்களே பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

ரிசர்வின் நுழைவுக் கட்டணத்திலும் விளையாடுகிறார்கள். 2024 முதல் வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு ஜனவரியில் இருந்து ஜூன் வரை 100 டாலர், ஜூலையில் இருந்து டிசம்பர் வரை 200 டாலர். எங்கள் பில்லில் எல்லா நாளுக்கும் 200 போட்டிருந்தது. ஆனால் ஒரு நாள் ரிசர்வுக்குள்ளேயே போகவில்லை, ‘இன்றைக்குக் கன்சர்வன்சி’ என்று சொல்லி, ஊர் மாடுகள் மேயும் நிலத்தில் ரோட்டோரமாகச் சுற்றிக் காட்டினார்கள். உண்மையான கன்சர்வன்சி என்பது வேறு. நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த் எல்லாம் மசாய் மக்களின் சொந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவை, அங்கே உள்ள முகாம்களில் தங்குகிறவர்களுக்குத்தான் அனுமதி, வண்டி எண்ணிக்கையும் குறைவு. அமைதியாக உட்கார்ந்து பார்க்கத்தான் ஆசை என்றால், காசு கூட ஆனாலும் அங்கே தங்குவதே மேல். ரிசர்வ் டிக்கெட்டின் ரசீதைத் தினமும் கேட்டு வாங்கிப் படம் எடுத்து வையுங்கள். கொடுக்க மாட்டேன் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி விஷயம் இன்னும் மோசம். ‘யாரும் செக் பண்றதில்லண்ணா’ என்றார் அந்தச் சென்னைக்காரர். கென்யாவில் இருந்து இந்தியா திரும்பும்போது அந்தச் சான்றிதழ் கட்டாயம், போட்டுப் பத்து நாள் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இறங்கியதும் தனிமைப்படுத்திவிடுவார்கள். நல்லவேளையாக எங்களில் ஒருவர் மருத்துவர், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் ஊசி போட அவர்தான் எங்களை இழுத்துப் போனார்.

யாரிடம் போவது என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறார்கள். கம்பெனி பெயர் சொல்ல மாட்டேன். அங்கே வண்டி ஓட்டும் நிறுவனத்துக்குக் கென்யாவின் சுற்றுலா ஒழுங்குமுறை ஆணைய உரிமம் இருக்கிறதா, காட்டோ என்ற டூர் நடத்துநர்கள் சங்கத்தில் உறுப்பினரா என்று கேளுங்கள். வழிகாட்டிக்கு அந்த நாட்டு சஃபாரி வழிகாட்டிகள் சங்கத்தின் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்ற படிநிலையில் எது இருக்கிறது என்று கேளுங்கள். வண்டிக்கு எத்தனை பேர் என்பதை ‘எங்கள் குழுவில்’ என்று எழுத விடாதீர்கள், ‘வண்டியில் மொத்தம்’ என்று எழுதி வாங்குங்கள், எங்களைக் கவிழ்த்தது அந்த ஒரு வரிதான்.

பணத்தைத் தனிநபர் ஜிபே எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். எங்களிடம் டி.சி.எஸ். (டூர் நடத்துபவர் நம் பெயரில் பிடித்து அரசுக்குக் கட்டும் வரி) என்று ஒரு தொகையும் பிடித்தார்கள். வெளிநாட்டு டூருக்கு அதைப் பிடித்துத்தான் ஆக வேண்டும், ஆனால் பிடித்த வரி வருமான வரித் தளத்தில் நம் பெயரில் காட்டும் வரிப் பதிவில் வர வேண்டும். எங்கள் மூவருக்கும் வரவில்லை. அதைக் கேட்ட நாள் முதல் “அண்ணா” போய் “சார்” ஆகிவிட்டது, பிறகு நம்பரையே பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் ஆணையத்தில் ஆன்லைனில் மனு போட்டிருக்கிறேன். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், நாம் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. இதே ஆளிடம் போய் வந்தவர்கள் இருந்தால், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பில், வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போடுவது பற்றி வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறேன்.