24-105 லென்ஸ்: பழுது பார்த்து வந்த பிறகு ஒரு கடற்கரைக்காரனின் புகார்

பரமக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவன் போன வாரம் போனில் கேட்டான்: "அண்ணே, 24-105 எஃப்/4 பழையது ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?" (24-105 என்பது ஜூம் அளவு: 24-இல் அகலக் காட்சி, 105-இல் தூரத்தில் இருப்பது கிட்டே வரும். எஃப்/ என்பது லென்ஸில் ஒளி புகும் துளையின் அளவு: எண் ஏற ஏறத் துளை சுருங்கும், முன்னும் பின்னும் நிற்பவை தெளிவாக விழும்.) எல்லாரும் மிரர்லெஸ் என்ற புதுவகைக் கேமராப் பக்கம் போய்க்கொண்டிருப்பதால் பழையவகை டிஎஸ்எல்ஆர் கேமரா லென்ஸ்களின் விலை நன்றாக இறங்கியிருக்கிறது. ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. என்னுடைய 24-105 அன்றைக்குத்தான் பழுது பார்க்கப்பட்டுத் திரும்பியிருந்தது. ரசீது மேஜைமேல் கிடந்தது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு நான் வாங்கும் கூலி அப்படியே அதில் போயிருந்தது. ஆகவே கீழே உள்ள கோபத்தில் கொஞ்சம் கழித்துக்கொண்டு படிக்கவும்.

எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. இந்த அளவில் பல கம்பெனிகள் லென்ஸ் செய்கின்றன. நான் திட்டப்போகும் குணம் அநேகமாக எல்லாவற்றுக்கும் உண்டு.

2021-இல் ஊரடங்கு தளர்ந்து, கல்யாணங்கள் மறுபடியும் கூட்டத்தோடு நடக்கத் தொடங்கியபோது வாங்கினேன். அன்று முதல் கேமராவில் பெரும்பாலும் இதுதான் மாட்டியிருக்கிறது. பெரிய நகரத்தில் ஒருவர் கல்யாணம் மட்டும் எடுப்பார், ஒருவர் உணவு மட்டும் எடுப்பார். இராமநாதபுரம் கடற்கரையில் தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு அந்த வசதி கிடையாது. காலையில் கீழக்கரையில் நிக்காஹ் இருக்கும். மாலையில் மண்டபத்தில் புதுப் படகுக்குப் பூஜை போட்டு இறக்குவார்கள். நடுவில் ஒரு நிருபர் கூப்பிட்டு, "வேதாளையில் கடல் அட்டை பிடிபட்டிருக்கிறது, இரண்டு படம் வேண்டும்" என்பார். (2001 முதல் தடை செய்யப்பட்ட உயிரினம், ஆனாலும் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிறது, எனக்கும் வேலை வந்துகொண்டே இருக்கிறது.) பள்ளி ஆண்டு விழா, உச்சிப்புளியில் விற்பனைக்கு வந்த தென்னந்தோப்பு, தேவிபட்டினத்தில் நவபாஷாணத்தைச் சுற்றி வரும் வடநாட்டுக் குடும்பம் என்று மற்றவையும் உண்டு.

இவ்வளவுக்கும் ஒரே லென்ஸ். கஞ்சத்தனத்தால் அல்ல, காற்றால். தனுஷ்கோடியில் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது லென்ஸைக் கழற்றிப் பாருங்கள். அரிச்சல்முனையில் மணல் முழங்கால் உயரத்துக்குப் பாம்பாக ஓடும். கழற்றிய கேமராவுக்குள் அரை நொடியில் புகுந்துவிடும். ஜூம் இல்லாத பிரைம் லென்ஸ் இரண்டு மூன்றைப் பையில் போட்டுக்கொண்டு மாற்றி மாற்றி எடுப்பதெல்லாம் மதுரையிலோ சென்னையிலோ இருப்பவர்கள் செய்துகொள்ளட்டும். இங்கே வீட்டில் மாட்டியதை வீட்டுக்கு வந்துதான் கழற்ற வேண்டும். அகலமும் வேண்டும், இழுவையும் வேண்டும், கழற்றவும் கூடாது என்றால் 24-105-ஐ விட்டால் வேறு வழி இல்லை.

அந்த வகையில் லென்ஸ் ஒரு குறையும் வைக்கவில்லை. பாம்பன் பழைய ரயில் பாலத்தை இதில்தான் எடுத்தேன், 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்படுவதற்கு முன்பு. 1914-இல் திறந்த பாலம், துரு ஏறிய இரும்பின் ஒவ்வொரு ஆணியும் படத்தில் விழுந்தது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்ததும் அதையும் எடுத்தேன். 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே 17 மீட்டர் மேலே ஏறுகிறது. ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தினால் போலீஸ் விரட்டும். நடந்துபோய், நின்று, எடுத்து, நகர வேண்டும். இருக்கிற ஒரு நிமிடத்தில் 24-இல் தூக்குக் கோபுரங்களும் கடலும் சேர்ந்து ஒரு படம், 105-இல் பெட்டி வாசலில் நிற்பவரின் சட்டை நிறத்தோடு இன்னொரு படம். லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தால் ரயில் மண்டபம் போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் எதிர்பார்க்காத சுகம் ஒன்றும் இதில் இருந்தது. 45 சென்டிமீட்டர் வரை கிட்டப் போகலாம். விவரத் தாளில் படித்தபோது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. வனத்துறையினர் பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் காலைகளில்தான் அருமை தெரிந்தது. மணலில் வயிறு படப் படுத்து, 105-இல் கிட்டப் போனால், குஞ்சின் கண்ணிமையில் ஒட்டியிருக்கும் மணல் துகளைத் தனித்தனியாக எண்ணலாம். அதன் முன்துடுப்பு மணலில் இழுத்த கோடுகள் இரு பக்கமும் பதிந்திருக்கும். பின்னால் அலை மங்கலாக வெள்ளைப் பட்டையாகத் தெரியும். இதே கிட்டப் பார்வைதான் மருதாணிக் கைக்கும், தாலிக் கயிற்றுக்கும், ஏலத்தில் கிடக்கும் நண்டுக்கும் சோறு போடுகிறது. மேக்ரோ லென்ஸ் வாங்க வைத்திருந்த பணம் மிச்சம்.

இனி புகார்.

ஜூமைத் திருகினால் இந்த லென்ஸின் முன்குழல் வெளியே நீள்கிறது. திரும்பத் திருகினால் உள்ளே போகிறது. நீளும்போது காற்றை உள்ளே இழுக்கிறது, சுருங்கும்போது வெளியே தள்ளுகிறது. கொல்லன் துருத்தி செய்வதும் இதைத்தான். மதுரையில் அது வெறும் காற்று. இங்கே அது உப்பு. விளம்பரத்தில் "தூசும் ஈரமும் தாங்கும்" என்று போட்டிருந்தார்கள். அதை எழுதியவருக்கு ஈரம் என்றால் மேலிருந்து விழும் மழை. எங்கள் ஊரில் ஈரம் விழுவதில்லை, காற்றில் நிற்கிறது. ரப்பர் வளையம் துளியைத் தடுக்கும். மூச்சோடு உள்ளே போவதை எது தடுக்கும்?

இதற்குப் பருவ விடுமுறையும் கிடையாது. கச்சான் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம், அதாவது ஆண்கடல், கொந்தளித்துச் சாரலை மேலே தூக்கும். பாக் விரிகுடாப் பக்கம், அதாவது பெண்கடல், அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் கதை மாறி, பெண்கடல் பக்கம் சீறும். தீவில் இரண்டுக்கும் நடுவில் ஒரு ரோடுதான். எந்தப் பக்கம் நின்றாலும் மாலையில் முன்கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடித்திருக்கும். காய்வதற்குள் நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்துவிட்டால் உப்பே கீறும். மணல் இருந்தால் முதலில் ப்ளோயர், பிறகுதான் துணி.

உள்ளே போன தூசு, கேமராவில் படம் பதியும் சென்சாரில் போய் உட்காரும். கல்யாண மண்டபத்தில் எஃப்/4-இல் எடுத்தால் தெரியாது. தனுஷ்கோடி வானத்தை எஃப்/11-இல் எடுத்தால் ஒவ்வொரு தூசும் கரும்புள்ளி. இங்கே படத்தில் முக்கால்வாசி வானமும் கடலும்தானே! கல்யாணத்துக்கு முந்தைய ஜோடிப் படங்களை எடுக்க 1964 புயலில் இடிந்த தேவாலயத்தின் முன்னால்தான் எல்லாரும் நிற்க விரும்புகிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை. அப்படி ஒரு ஆல்பத்தைப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையின் பாட்டி விரலை வைத்துக் கேட்டார்: "இது காக்கையா, பருந்தா?" பருந்து என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து எல்லா வானத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை.

அடுத்து வந்தது சத்தம். ஜூம் வளையம் 50-க்கும் 70-க்கும் இடையில் "கறுக்" என்று அரைக்கத் தொடங்கியது. புகைப்படத்துக்குப் பாதகமில்லை. வீடியோவில் மணமகள் அழும் இடத்தில் அம்மி அரைக்கும் ஓசை கேட்டால் எப்படி இருக்கும்?

கடைசியில் அபெர்ச்சர், அதாவது ஒளி புகும் அந்தத் துளை. எஃப்/4-இல் வைத்தால் படம் விழும். எஃப்/8 வைத்தால் கேமரா பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். தொண்டியில் ஒரு கல்யாணத்தின் நடுவில் இது தொடங்கியது. படிக்கட்டில் ஐந்து வரிசை உறவினர்கள். அகலக் கோணத்தில் எடுத்தால் ஓரத்தில் நிற்பவர்கள் பருத்துத் தெரிவார்கள்; எந்த வீட்டாரும் அதை மன்னிப்பதில்லை. அதனால் தள்ளி நின்று 80-க்கு இழுத்து எடுப்பது வழக்கம். அதற்கு எஃப்/8 வேண்டும். கிடைத்தது எஃப்/4. முன்வரிசை பளிச்சென்று இருந்தது. படத்தைப் பார்த்த பெண்ணின் தாய்மாமா, "தம்பி, பின்னால் நிற்பவர்கள் நம் வீட்டு ஆட்கள்தானா?" என்று கேட்டார். பணத்தை முழுதாகக் கொடுத்தார். அது இன்னும் சங்கடம்.

ஆடியில் வேலை குறைவு என்பதால் அப்போதுதான் பழுதுக்கு அனுப்ப முடிந்தது. இராமநாதபுரத்தில் இதற்கு ஆள் இல்லை. மதுரையில் வாங்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள். லென்ஸைப் பிரித்தவர் போன் செய்தார். "சார், இதைக் கடலில் போட்டீர்களா?" "இல்லை, கடலோரத்தில் குடியிருக்கிறேன்." சற்று நேரம் பேச்சில்லை. பிறகு விவரம் சொன்னார். குழலைத் தாங்கும் சின்ன உருளைகள் தேய்ந்துவிட்டன, அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, ஜூமோடு சேர்ந்து மடங்கி மடங்கி அபெர்ச்சரின் ரிப்பன் கேபிள் அறுந்திருக்கிறது. மணல், உப்பு நீரால் வரும் சேதம் உத்தரவாதத்தில் சேராது என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது. அப்படியென்றால் கடற்கரை மாவட்டங்களில் இதை விற்பானேன்?

லென்ஸ் வரும்வரை நண்பரிடம் ஒரு 50 பிரைம் கடன் வாங்கி வேலை செய்தேன். நீளாத, சுருங்காத, மூச்சு விடாத லென்ஸ். படங்கள் கூர்மையாக இருந்தன, இரவில் வெளிச்சத்தை அள்ளியது. கீழக்கரையில் ஒரு பழைய வீட்டுக்குள் போனேன். முற்றத்தில் பெண்கள் கூட்டம், பின்னால் சுவர், பின்வாங்க ஒரு முழம் இடமில்லை. 50-இல் பாதி முகங்கள்தான் அடங்கின. என்னுடைய பழுதான லென்ஸை மனதுக்குள் திட்டிக்கொண்டே தேடினேன்.

எஃப்/4 பற்றியும் ஒரு வார்த்தை. ஏர்வாடி சந்தனக்கூடு போன்ற இரவு வேலைக்கு இது போதாது. ஸ்டேபிலைசர் என் கை நடுக்கத்தை நிறுத்தும். ஊர்வலத்தில் நகர்கிற மனிதர்களை நிறுத்தாது. கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 6400-க்கு ஏற்றி, முகத்தில் சொரசொரப்பை ஏற்றுக்கொண்டு எடுக்க வேண்டியதுதான். இது தெரிந்தே வாங்கியது, குறை சொல்ல உரிமையில்லை.

ஃபங்கஸ் மட்டும் இன்னும் வரவில்லை. அந்தப் பெருமை லென்ஸுக்கு அல்ல, என் அரிசி டப்பாவுக்கு. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரமானி 40-க்கும் 50-க்கும் இடையில் நிற்கும்படி வைத்திருக்கிறேன். நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால் பழைய வாணலியில் வறுத்தெடுத்துத் திரும்பப் போடுவேன். தோசைக்கல்லில் வறுத்து வீட்டில் வாங்கிய ஏச்சு தனிக் கதை. ராமேஸ்வரத்தில் ஏசி அறையில் தங்கும் ஜோடியோடு விடியற்காலையில் கிளம்பினால், வாடகைக் காரில் ஏசியை அணைக்கச் சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் கடற்கரையில் இறங்கியதும் கண்ணாடி வியர்த்து, சூரியன் எழும்பும்வரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பழுது பார்த்த பிறகு குழல் சேரும் இடத்தில் சைக்கிள் டியூபை வெட்டி ஒரு வளையம் மாட்டியிருக்கிறேன். பார்க்க அசிங்கம். ஜூம் கொஞ்சம் இறுக்கமாகத் திரும்புகிறது. வெடுக்கென்று இழுக்காமல் மெதுவாக இழுக்கப் பழகிக்கொண்டேன். மணல் குறைவாகத்தான் போகிறது. உப்பை டியூப் என்ன செய்யும்?

ஆகவே தம்பிக்கு என் பதில்: வாங்காதே. பரமக்குடியில் கடல் இல்லை என்பாய். உன் வாடிக்கையாளர்கள் எல்லாரும் படம் எடுக்க தனுஷ்கோடிக்குத்தான் வருவார்கள். நானும் இதை விற்றுவிடப் போகிறேன் என்று ரசீதைப் பார்த்த அன்று வீட்டில் சொன்னேன். வருகிற மாதம் கையில் இருக்கும் வேலைகள் அனைத்துக்கும் இதையே கொண்டுபோகப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சொன்னாலும் அவன் வாங்கத்தான் போகிறான். அப்படியானால் பணம் கொடுப்பதற்கு முன் சிலவற்றைப் பார்த்துக்கொள். 24-இல் வைத்து எஃப்/8, எஃப்/11 இரண்டிலும் பல படங்கள் எடு. ஒரு பிழைச் செய்தி வந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு. லென்ஸைக் காதருகே வைத்து 24-இலிருந்து 105 வரை மெதுவாகத் திருகு. பின்பக்கம் டார்ச் அடித்து முன்பக்கமாகப் பார், நூல் நூலாக ஏதாவது படர்ந்திருக்கிறதா என்று. கேமராவில் மாட்டும் மவுண்டைச் சுற்றியுள்ள ரப்பர் விறைத்திருக்கிறதா என்று நகத்தால் அழுத்திப் பார். கேபிள் மாற்றிய ரசீது இருந்தால் கேட்டு வாங்கு. விற்பவர் எந்த ஊர்க்காரர் என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் கேள். பாம்பன், மண்டபம் என்றால் விலையில் இன்னும் பாதியைக் குறைக்கச் சொல்.