ஸ்பெக்ட்ரம் கிட் பளிச்சென்று எரிய: ரெசிஸ்டரா, எல்இடியா, டிரைவரா?

பாட்டுக்குத் தகுந்தபடி எல்இடி விளக்குப் பட்டைகள் ஏறி இறங்கும் ஸ்பெக்ட்ரம் கிட் வீட்டு மேஜையில் அழகாகத்தான் இருக்கும். அதையே பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் மைக் செட் பெட்டிமேல் வைத்தால், நாலு வரிசை தள்ளி நிற்பவனுக்கு ஏதோ மினுங்குகிறது என்பதோடு சரி. பக்கத்திலேயே நெம்மாறையும் வல்லங்கியும் வருஷாவருஷம் வேலத் திருவிழாவுக்குப் போட்டி போட்டுப் பந்தலில் விளக்கு கட்டுகிற ஊர்கள். அதைப் பார்த்துப் பழகிய கூட்டம் சும்மா விடுமா? "இன்னும் நல்லா பளிச்னு எரியணுங்ணா" என்றுதான் மைக் செட் பையன்கள் வந்து நிற்பார்கள்.

எல்லோரும் முதலில் கை வைப்பது எல்இடிக்குப் போகும் கரண்டை மட்டுப்படுத்தும் ரெசிஸ்டரில். எனக்குக் கடைசியாகத்தான் அது. பெரும்பாலான கிட்டுகள் மேட்ரிக்ஸ் முறையில் ஓடுகின்றன. ஒரு நேரத்தில் ஒரு நிரைதான் எரியும், வேகமாக மாறி மாறி எரிவதால் எல்லாம் சேர்ந்து எரிவதாகத் தெரியும். எட்டு நிரை இருந்தால் ஒவ்வொரு எல்இடியும் எட்டில் ஒரு பங்கு நேரம்தான் எரிகிறது. 20 மில்லி ஆம்பியர் கொடுத்தாலும் சராசரி இரண்டரைதான். மங்கலுக்குக் காரணம் அங்கே இருக்கிறது.

சரி, கரண்டைக் கூட்டலாமா? எட்டு எல்இடிகளை 74எச்சி595 என்ற ஐசி (சுருக்கமாக 595) நேரடியாக ஓட்டுகிறது என்று வையுங்கள். 5 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போக, 470 ஓமில் ஒன்றுக்கு ஆறரை மில்லி ஆம்பியர் வாக்கில் ஓடும். எட்டும் எரிந்தால் 51. அந்த ஐசி மொத்தமாகத் தாங்குவது 70. ரெசிஸ்டரை 220 ஆக்கினால் கணக்கு 109-க்குப் போய்விடும். ஐசி உடனே சாகாது, சூடேறிக் கிடந்து ஒரு நாள் திருவிழா நடுவில் கையை விரிக்கும். இத்தனைக்கும் கரண்ட் இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்கு தெரிவதில்லை.

எல்இடியை மாற்றுவது இதைவிட எவ்வளவோ மேல். கிட்டோடு வரும் பழைய ரக பச்சை, மஞ்சள் பச்சையாக மங்கி எரியும். கண்ணாடி போலத் தெளிந்த மூடி போட்ட புது ரகப் பச்சை அதே கரண்டில் பல மடங்கு பிரகாசம். ஆனால் அதற்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 போதும். நிறத்துக்கு ஒரு ரெசிஸ்டர் என்று பிரித்துப் போடாவிட்டால் ஒரு நிறம் மட்டும் தூக்கலாகத் தெரியும். தெளிந்த மூடிக்கு இன்னொரு குணம், நேரே நிற்பவனுக்குக் கண் கூசும், பக்கவாட்டில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. முன்னால் கறுப்புச் சாயல் அக்ரிலிக் ஒன்று வைத்துவிட்டால் பலகையின் வெள்ளை மறைந்து எல்இடி மட்டும் எடுப்பாக நிற்கும். வீட்டுக்கும் கடைக்கும் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிரைவர், அதாவது அதிகக் கரண்டைத் தாங்கி எல்இடியை ஓட்டும் ஐசி, வழிக்கு வந்தால் யூஎல்என்2803 எல்லோருக்கும் தெரிந்த ஐசி. ஒரு கால் 500 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். ஆனால் உள்ளே டார்லிங்டன், அதாவது இரண்டு டிரான்சிஸ்டர் அடுக்கு, என்பதால் ஒரு வோல்ட்டை அதுவே தின்றுவிடும், 5 வோல்ட் சப்ளையில் அது பெரிய இழப்பு. டிபிஐசி6பி595 அப்படித் தின்பதில்லை, காலுக்கு 150 மில்லி ஆம்பியர் தரும். ஆனால் இரண்டுமே கரண்டைத் தரைக்கு (கிரவுண்டுக்கு) இழுப்பவை. 595 மேலிருந்து கரண்ட் கொடுக்கிற கிட்டில் அப்படியே செருகினால் வேலைக்கு ஆகாது.

ஒலியின் அளவுக்குத் தக்கபடி பத்து எல்இடியை எரிய வைக்கும் எல்எம்3915 ஐசி வைத்த கிட் தனி ஜாதி. மேட்ரிக்ஸ் கிடையாது, எரிகிற எல்இடி முழு நேரமும் எரியும். ஏழாம் காலிலிருந்து தரைக்குப் போகும் ரெசிஸ்டர்தான் கரண்டைத் தீர்மானிக்கிறது: 1.2 கிலோ ஓம் என்றால் பத்து மில்லி ஆம்பியர் சொச்சம், 620 என்றால் இருபது. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. பத்து எல்இடியும் பார் முறையில் (கீழிருந்து வரிசையாகச் சேர்ந்து எரிவது) 20 மில்லி ஆம்பியரில் எரிய, சப்ளை 12 வோல்ட் என்றால், மிச்ச 10 வோல்ட்டும் ஐசி தலையில். 2 வாட் சூடு. அது தாங்குவது 1.365 வாட். பாலக்காட்டு மீன மாச வெயிலில் கேட்கவே வேண்டாம். எல்இடிக்கு மட்டும் தனியாக 5 வோல்ட் கொடுத்தால் 0.6 வாட்டில் முடிந்துவிடும்.

மேடைக்கு என்றால் நான் கிட்டையே ஓரம் கட்டிவிடுவேன். எம்எஸ்ஜிஇக்யூ7 ஐசி 63 ஹெர்ட்ஸ் முதல் 16 கிலோ ஹெர்ட்ஸ் வரை ஒலியை ஏழு பட்டையாகப் பிரித்துக் கொடுக்கும், ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை அதை வாசிக்கும். பிறகு 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பும் அதை ஓட்டும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டருமா, ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறம் மாற்றக்கூடிய டபிள்யூஎஸ்2812பி எல்இடியா? மாஸ்ஃபெட் மலிவு, முரட்டு வெளிச்சம். ஐஆர்எஃப்540 வாங்காதீர்கள், நானோவின் 5 வோல்ட்டில் அது முழுதாகத் திறக்காது, ஐஆர்எல்இசட்44என் கேளுங்கள். குறை என்னவென்றால், பட்டை கூடிக் குறைந்து எரியுமே தவிர உயரம் ஏறி இறங்காது. நானோவில் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடபிள்யூஎம் கால் ஆறுதான், அதனால் 16 கிலோ ஹெர்ட்ஸை விட்டுவிடலாம், செண்டைக்கும் நாதஸ்வரத்துக்கும் அது பெரிதாக அசையாது.

உயரம் வேண்டும் என்பவருக்கு டபிள்யூஎஸ்2812பி. ஏழு பட்டைக்கு இருபது வீதம் 140 எல்இடி. முழு வெள்ளையில் 8.4 ஆம்பியர் கேட்கும், ஒற்றை நிறத்தில் 2.8. சப்ளையை இரு முனையிலும் கொடுக்காவிட்டால் கடைசி எல்இடிகள் நிறம் மங்கிப் போகும். என் ஓட்டு இதற்குத்தான். ஒரு எச்சரிக்கை: எல்இடி சப்ளையும் மிக்ஸரும் ஒரே தரையைப் பகிர்ந்தால் பாட்டோடு சேர்ந்து ஸ்பீக்கரும் கிர்ரென்று கூவும். மிக்ஸரின் உபரி அவுட்டிலிருந்து 600-க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் வழியாகவே சிக்னல் எடுங்கள், இரண்டு தரையும் பிரிந்து நிற்கும்.