இடிப்புத் தூசிக்கு எது: ஹோஸா, மிஸ்ட் கேனனா?

பழைய வணிகக் கட்டடத்தை இடித்துக் கட்டும் தளத்தில் இரண்டும் தண்ணீர்தான், வேலை வேறு. ஹோஸ் என்பது தண்ணீர் பீய்ச்சும் குழாய்; மிஸ்ட் கேனன் என்பது தண்ணீரை மூடுபனிபோல் விசிறியால் தூரம் வீசும் இயந்திரம்.

ஹோஸ், தூசி கிளம்பும் முன்பே அடக்குவதற்கு. கான்கிரீட்டை உடைக்கும் இயந்திரமான பிரேக்கரின் உளி கான்கிரீட்டில் இறங்கும் இடத்திலேயே தண்ணீர் விழ வேண்டும். இடிபாட்டுக் குவியலை மேலாக மட்டும் நனைத்தால், லாரியில் அள்ள இயந்திரத்தின் பக்கெட் உள்ளே போனதும் காய்ந்த தூசி குப்பென்று எழும்; புரட்டிப் புரட்டி நனைக்க வேண்டும். அளவு மீறினாலும் தொல்லை: சேறு டயரில் ஒட்டிச் சாலைக்குப் போய், காய்ந்து, மறுபடி பறக்கும். வாசலில் டயர் கழுவும் ஏற்பாடு இல்லாவிட்டால் பாதி உழைப்பு வீண்.

காற்றில் ஏறிவிட்ட தூசிக்குத்தான் கேனன். பெரிய துளி விழும்போது, அதைச் சுற்றி விலகும் காற்றோடு நுண்துகளும் நழுவிவிடும். கேனனின் துளிகள் மிகச் சிறியவை. துகளோடு மோதி ஒட்டி, கீழே இறக்கும். வடிகட்டாத தண்ணீர் விட்டால் துளிகள் வெளிவரும் நாசில் அடைத்துக்கொள்ளும். பலத்த காற்றில் மூடுபனி வேறு பக்கம் போய்விடும்.

ஒன்றுக்குத்தான் வழி என்றால் ஹோஸையே எடுக்கலாம். கான்கிரீட் அறுப்பதற்கு இரண்டுமே போதாது. பிளேடிலேயே தண்ணீர் விடும் ரம்பம் வேண்டும், நுரையீரலைக் கெடுக்கும் நுண்ணிய சிலிக்கா தூசி அறுக்கும்போது பிளேடு படும் இடத்தில்தான் கிளம்புகிறது.