டப்பாவா, சிம்மா, ஃபாஸ்டேக்கா: பெங்களூரு லாரி ஆபீஸிலிருந்து ஓர் ஒப்பீடு

போன வாரம் யஷ்வந்த்பூர் டீக்கடையில் ஒரு ஓனர் என்னைப் பிடித்துக்கொண்டார். சங்ககிரிக்காரர். சொந்த வண்டி ஆறு. நாலு டிஎன் 52, ரெண்டு கேஏ 51. "ஜிபிஎஸ் மாட்டுன்னு ஆர்டிஓ சொல்றாங்க. சிம் டிராக்கிங் குடுன்னு கம்பெனிக்காரன் சொல்றான். ரோட்டுல நிறுத்தி இ-வே பில் கேக்கறாங்க. இருக்கறதுலயே நல்லதா ஒண்ணு வாங்கிப் போட்டா எல்லாத்துக்கும் ஆகாதா தம்பி?"

ஆகாதுங்க அண்ணா என்றேன். கேட்கிற ஆட்கள் மூன்று பேர், மூவரும் கேட்பது மூன்று வெவ்வேறு சமாச்சாரம். ஆர்டிஓவுக்கு வண்டி வேண்டும்: எஃப்சி என்கிற தகுதிச் சான்று, பர்மிட், ஜிபிஎஸ் டப்பா மாட்டியிருக்கிறதா. ஜிஎஸ்டி ஸ்குவாடுக்குச் சரக்கு வேண்டும்: இ-வே பில் என்கிற ஆன்லைன் சரக்குச் சீட்டில் உள்ளபடி இந்தச் சரக்கு இந்த வண்டியில்தான் போகிறதா. லோடு கொடுத்தவருக்கு நேரம் வேண்டும்: எப்போது வந்து இறங்கும். டிராக்கிங் விற்க வருகிறவர்கள் இந்த மூன்றையும் ஒரே பையில் போட்டுப் பேசுவார்கள். எதை வாங்கும் முன்பும் "இதை யார் கேட்கிறார்?" என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

ஏஐஎஸ் 140 டப்பாவும் சாதா ஜிபிஎஸ்ஸும்

முதலில் விலை அதிகமானது. ஏஐஎஸ் 140 என்கிற வாகனத் தரத்து ஜிபிஎஸ் டப்பாவை பஸ், டாக்ஸிகளுக்காக மத்திய அரசு 2016இல் விதியாக்கி, 2019 ஜனவரி 1 முதல் புது வண்டிகளுக்கு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கர்நாடகம் 2023 கடைசியில் பிறப்பித்த உத்தரவில் மாநிலம் தாண்டி ஓடும் நேஷனல் பர்மிட் லாரிகளையும் சேர்த்துக்கொண்டது. விலை ஜிஎஸ்டி நீங்கலாக 7,599 ரூபாய் என்று அரசே நிர்ணயித்தது. கெடு தள்ளிப்போனது, ஓனர்கள் முணுமுணுத்தார்கள், வழக்கம்போலத்தான்.

டப்பா வலுவானது என்பதில் சந்தேகமில்லை. பேட்டரி வயரைப் பிடுங்கிவிட்டாலும் உள்ளிருக்கும் பேட்டரியில் 4 மணி நேரம் ஓடும். டவர் இல்லாத இடத்தில் 40,000 இடப்பதிவுகள்வரை சேமித்துவைத்து, சிக்னல் வந்ததும் அனுப்பும். சிம் கழற்ற முடியாதபடி உள்ளேயே பொதிந்திருக்கும். அமெரிக்க ஜிபிஎஸ்ஸோடு நம்ம ஊர் நாவிக் செயற்கைக்கோளையும் பிடிக்கும். அவசர பட்டன் உண்டு. வண்டி ஓடும்போது 5 விநாடிக்கு ஒருமுறைகூட இடம் சொல்ல வைக்கலாம்.

ஆனால் அது முதலில் சொல்வது அரசாங்கத்து சர்வருக்கு. ஓனர் போனில் பார்க்க விற்பனையாளரின் ஆப் வேண்டும், அதற்குச் சந்தா, சந்தா முடிந்தால் படம் உறைந்துவிடும். எங்களுக்கு ஒருவர் மாட்டிக் கொடுத்த டப்பா, வண்டி கோலாப்பூரில் இறக்கிக்கொண்டிருந்தபோது துமகூரு பைபாஸிலேயே மூன்று நாள் நிற்பதாகக் காட்டியது. போன் செய்தால் "சர்வர் அப்டேட் சார்" என்றார்கள். வாகன் என்கிற அரசு வண்டிப் பதிவுத் தளத்தில் டப்பாவின் நம்பரும் வண்டி நம்பரும் இணைந்திருந்ததால் எஃப்சிக்குப் பிரச்சினை வரவில்லை. விதிக்கு உயிரோடிருந்த டப்பா எனக்குச் செத்துக் கிடந்தது.

சாதா ஜிபிஎஸ் அதில் பாதிக்கும் குறைவான விலைக்குக் கிடைக்கும். ஆப் பெரும்பாலும் இன்னும் நன்றாகவே இருக்கும். டீசல் எங்கே இறங்கியது, ராத்திரி எவ்வளவு நேரம் இன்ஜின் சும்மா ஓடியது என்றெல்லாம் பார்க்கலாம். ஆர்டிஓவிடம் மட்டும் செல்லாது.

ஓனரின் ஆறு வண்டிக்கு வருவோம். டப்பா விஷயத்தில் பதிவு எந்த மாநிலமோ அந்த மாநிலத்து விதிதான் பேசும். கேஏ 51 இரண்டுக்கும் ஏஐஎஸ் 140 போட்டுவிடலாம், யோசிக்கவே வேண்டாம். டிஎன் வண்டிகளுக்குச் சங்ககிரி ஆர்டிஓ என்ன கேட்கிறாரோ அதைக் கேட்டுக்கொண்டு செய்யலாம். அதுவரை சாதா ஜிபிஎஸ் போதும். கேஸ், கெமிக்கல் மாதிரி ஆபத்தான சரக்கு ஏற்றுகிறவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. மத்திய விதி அவர்களைத் தனியாகவே பிடித்திருக்கிறது.

சிம் டிராக்கிங்

வாடகைக்குப் பிடிக்கிற வெளி வண்டிக்கு டப்பா மாட்ட முடியுமா? ஒரு ட்ரிப்போடு போய்விடும் வண்டி. அங்கேதான் சிம் டிராக்கிங் நிற்கிறது. டிரைவர் நம்பரைப் போட்டால் அவருக்கு எஸ்எம்எஸ் வரும். சம்மதம் என்று பதில் சொன்னால் டவரை வைத்து இடம் தெரியும். பட்டன் போனே போதும், வண்டியில் ஒன்றும் மாட்ட வேண்டாம்.

துல்லியம் எதிர்பார்க்கக் கூடாது. ஊருக்குள் சில நூறு மீட்டர் தள்ளிக் காட்டும், ஹைவேயில் சில கிலோமீட்டர். சாத்தாராவுக்கும் புனேவுக்கும் நடுவே கம்பட்கி மலைப்பாதையில் ஏறும்போது வண்டி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தாவிக்கொண்டிருக்கும். டிரைவர் தூங்கும்போது போனை அணைத்தால் வண்டியும் தூங்கிவிடும்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. ஓமலூர்க்கார டிரைவர் ஒருவர், என்னைவிட இருபது வயது மூத்தவர், சம்மதம் கேட்டு வந்த எஸ்எம்எஸ்ஸைக் காட்டிக் கேட்டார்: "ஏந் தம்பி, லோடு எறக்கிட்டு நான் வீட்டுக்குப் போனாலும் இது என்னையப் பாத்துக்கிட்டே இருக்குமா?" ட்ரிப் முடிந்ததும் நிறுத்திவிடுவோம் என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால் அதற்கு முந்தைய பதினோரு ட்ரிப்புகளை யாரும் மூடவே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடினேன். கம்பெனி கேட்டால் சிம் டிராக்கிங் கொடுங்கள். பிஓடி, அதாவது சரக்கு இறங்கியதற்கான கையெழுத்துச் சீட்டு, கையில் வந்ததும் ட்ரிப்பை மூடுகிற வேலையை ஒருவர் பேரில் எழுதிவையுங்கள்.

ஃபாஸ்டேக்

இது ஏற்கெனவே கண்ணாடியில் ஒட்டியிருக்கிறது. டோல் தாண்டிய நேரமும் இடமும் பதிவாகும். 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு வந்த யூலிப் என்கிற அரசுத் தகவல் தளம் வழியாக டிராக்கிங் கம்பெனிகள் இந்தப் பதிவை எடுத்துக் காட்டுகிறார்கள். செலவு குறைவு, டிரைவர் போனைத் தொட வேண்டாம். ஆனால் இரண்டு டோலுக்கு நடுவே வண்டி என்ன ஆனது என்று தெரியாது. கிருஷ்ணகிரி தாண்டியது தெரியும், வாணியம்பாடி வரவில்லை என்பது தெரியும்; நடுவில் டயர் வெடித்ததா, டிரைவர் சாப்பிடுகிறாரா, அது நமக்கு விட்ட கற்பனை.

இதே பதிவு ஜிஎஸ்டிக்காரர்களுக்கும் போகிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2021இலிருந்து இ-வே பில் தளமும் ஃபாஸ்டேக்கும் இணைந்திருக்கின்றன. 800க்கும் மேற்பட்ட டோல்களிலிருந்து தினமும் சராசரியாக 25 லட்சம் சரக்கு வண்டிகளின் நடமாட்டம் அந்தத் தளத்துக்கு வருவதாக அப்போதே அரசு சொன்னது. ஒரே பில்லில் இரண்டு நடை அடித்தால் டோல் பதிவே காட்டிக்கொடுக்கும். நமக்கு இது சுமாரான டிராக்கிங், அவர்களுக்கு நல்ல சாட்சி.

நிஜமான போட்டி: பார்ட் பி யார் கையில்?

பார்ட் பி என்பது இ-வே பில்லில் வண்டி நம்பர் போடுகிற பகுதி. டப்பா வாங்குவதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற ஓனர்கள் இதற்கு ஒரு நிமிடம் ஒதுக்குவதில்லை. வண்டியை ரோட்டில் நிறுத்தி வைக்கிற அதிகாரம் டப்பாவைவிட இதற்குத்தான் அதிகம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பீன்யாவிலிருந்து புனேவுக்கு மெஷின் பாகங்கள் ஏற்றினோம். சரக்கு மதிப்பு 5 லட்சம். சித்ரதுர்கா தாண்டி வண்டியின் அச்சு ஹவுசிங் உடைந்தது. தாவணகெரேயிலிருந்து இன்னொரு வண்டியை வரவழைத்து, ராத்திரியோடு ராத்திரியாகத் தார்ப்பாயைப் பிரித்துச் சரக்கை மாற்றினோம். பில்லில் பழைய வண்டி நம்பர். பார்ட் பியை மாற்ற வேண்டியவர் எங்களுக்குக் கணக்கு எழுதுகிறவர். அவர் போன் அணைந்திருந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை விட்டோம். நிப்பாணி பக்கம் ஸ்குவாடு மடக்கியது.

அவர்கள் செய்ததில் தப்பில்லை. வண்டி நம்பரில் ஓரிரு எழுத்தோ எண்ணோ பிசகினால் ஆயிரம் ரூபாயோடு விட்டுவிடலாம் என்று 2018இன் ஜிஎஸ்டி 64ஆம் சுற்றறிக்கை சொல்கிறது. எங்களுடையது நம்பரே வேறு. ஜிஎஸ்டி சட்டத்தின் பிரிவு 129 வந்தது. 18 சதவீத வரி 90,000. 2022 ஜனவரி முதல் அபராதம் வரியைப் போல இரண்டு மடங்கு, அதாவது 1,80,000. லாரியை மட்டும் மீட்க வேண்டுமானால் அந்த அபராதம் அல்லது 1 லட்சம், இரண்டில் எது குறைவோ அது. சரக்குக்காரர் கட்டி மீட்டார், எங்கள் கணக்கில் கழித்துக்கொண்டார். அந்த லோடின் வாடகை அதில் கால் பங்குகூட வராது. உடைந்து நின்ற பழைய வண்டியின் ஜிபிஎஸ் அந்த நேரமெல்லாம் என் போனில் பச்சையாக மின்னிக்கொண்டிருந்தது.

இப்போது வழிகள் மூன்று. சரக்குக்காரரே பார்ட் பி போடுவது: பகலில் சரி, ராத்திரி வண்டி மாறினால் அவர் எடுக்க மாட்டார். கணக்கு எழுதுகிறவரிடம் விடுவது: மாதம் கொஞ்சம் காசு, நிம்மதி, நான் மேலே சொன்ன ராத்திரி வரும் வரை. மூன்றாவது, நம் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியைப் பில்லில் போடச் சொல்லி நாமே செய்வது. ஜிஎஸ்டி எண் இல்லாத சின்ன ஓனருக்கும் 15 இலக்க ஐடி கிடைக்கும். நான் மூன்றாவது வழிக்காரன்.

அதில் தொல்லை இல்லாமல் இல்லை. 2025 ஏப்ரல் 1 முதல் இ-வே பில் தளத்தில் நுழைய எல்லோருக்கும் ஓடிபி கட்டாயம். ஓனர் போனுக்கு மட்டும் ஓடிபி போனால் ஓனர் தூங்கக் கூடாது. ராத்திரி ஆளுக்கென்று தனி துணைக் கணக்கு, அவர் நம்பரோடு போட்டுவிடுங்கள். தளம் தொங்கினால், 2025 ஜூலையிலிருந்து இரண்டாவது இ-வே பில் தளம் ஒன்று இருக்கிறது. அதிலும் பார்ட் பி மாற்றலாம்.

நாமே செய்வதில் பில் எத்தனை நாள் செல்லும் என்கிற கணக்கும் நம் கைக்கு வரும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள், மிச்சம் இருந்தால் அதற்கு ஒரு நாள். புனே சுமார் 840 என்றால் 5 நாள். கணக்கு பார்ட் பி முதலில் போட்ட நேரத்திலிருந்து ஓடும். முதல் நாள் மறுநாள் நள்ளிரவில் முடியும். திங்கள் ராத்திரி 11.50க்குப் போட்டால் முதல் நாள் செவ்வாய் நள்ளிரவோடு சரி. இருபது நிமிடம் பொறுத்து 12.10க்குப் போட்டால் புதன் நள்ளிரவுவரை. வண்டி கேட்டைத் தாண்டாமல் நிற்குமானால் அந்த இருபது நிமிடத்தைக் காத்திருங்கள். காலாவதியாகிவிட்டாலும் முன்னும் பின்னும் 8 மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் கதவு சாத்திவிடும்.

கலாசிபாளையம் பார்சல்காரர்களுக்கு ஒரு வார்த்தை. நாற்பது பில்லை ஒன்றாகக் கட்டி எடுக்கும் தொகுப்பு பில்லுக்குத் தனி ஆயுள் கிடையாது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு பில்லும் அதனதன் நாளில்தான் சாகும். பொம்மசந்திரா ஆட்களுக்கு இன்னொன்று: அங்கிருந்து கலாசிபாளையம் டிரான்ஸ்போர்ட் குடோனுக்கு 50 கிலோமீட்டருக்குள் வந்தால் பார்ட் பி வேண்டாம். ஓசூர் சிப்காட் அதைவிடப் பக்கமாகத் தெரியும், ஆனால் அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு இருந்தால் பில்லும் வேண்டும், பார்ட் பியும் வேண்டும்.

டீ ஆறிப்போயிருந்தது. ஓனருக்குச் சொன்னது இவ்வளவுதான்: கேஏ வண்டி இரண்டுக்கும் டப்பா, டிஎன் நாலுக்கும் சாதா ஜிபிஎஸ், வெளி வண்டிக்கு சிம், ஃபாஸ்டேக்கில் எப்போதும் காசு. அதற்கெல்லாம் முன்னால் ராத்திரிக்கு ஒரு ஆள், அவருக்கு ஒரு துணைக் கணக்கு.

"ராத்திரிக்கு ஆள் போட்டா சம்பளம் யார் குடுக்கறது?" என்றார். பக்கத்து ஷெட்டில் இரண்டு ஓனர்கள் சேர்ந்து ஒரே பையனை வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். நம்பர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.